தலைக்கனம்

"மூளை இருக்கா உனக்கு?" என்று கேட்காமல் ஓய்வு பெற்ற வாத்தியார் தமிழ்நாட்டில் யாரும் இருக்க முடியாது. ஆனால் கேட்டார்களே தவிர, திறந்து பார்த்தவர் இல்லை. காதைத் திருகி, பெஞ்சு மேல் ஏற்றி, அப்பாவைக் கூட்டி வரச் சொல்வதோடு நம்மவர்களின் ஆராய்ச்சி முடிந்துவிடும். ஐரோப்பாக்காரர்கள் அப்படி அரைகுறையாக விடுகிற ஆட்கள் இல்லை. கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் தராசு வேண்டும், டேப் வேண்டும், கட்டம் போட்ட நோட்டு வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செத்தவர்களின் மண்டையைத் திறந்து எடை போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில், உயிரோடு இருப்பவர்களின் மண்டையைத் திறப்பதில் சட்டச் சிக்கல் இருந்ததால், காகிதமும் பென்சிலும் கொடுத்து எடை போட்டார்கள்.

இந்த இருநூறு வருஷத்து எடைக் கணக்கை வரிசையாகப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். எடை போட்டவர் பெரும்பாலும் தோற்பதே இல்லை. மளிகைக்கடைக்காரர் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டி வைப்பார் என்று பாட்டிமார் எச்சரிப்பார்களே, அந்தப் புளி இந்தக் கதையில் டாக்டர் பட்டத்தோடு வருகிறது. இன்னொன்றும் தெரியும். கதை நெடுக மூளையை உருப்படியாகப் பயன்படுத்தியவர்களில் பலரைத் தராசுப் பக்கமே யாரும் கூப்பிடவில்லை.

ஆரம்பித்து வைத்தவர் ஃப்ரான்ஸ் யோசெஃப் கால், 1758இல் ஜெர்மனியில் பிறந்த மருத்துவர். வாழ்நாள் முழுக்கத் தலையையே ஆராய்ந்தவருக்குத் தமிழில் இப்படி ஒரு பெயர் அமைந்ததற்கு நான் பொறுப்பல்ல. பள்ளியில் கட்டுரை எழுதுவதில் தனக்குப் பின்னால் நிற்கும் பையன்கள், மனப்பாடம் ஒப்பிப்பதில் மட்டும் தன்னை முந்திவிடுவதைக் கவனித்தார். வேறொரு பையனாக இருந்தால் விடியற்காலையில் எழுந்து உரக்கப் படித்திருப்பான். இவர் எதிராளிகளின் முகத்தைப் பார்த்தார். எல்லாருக்கும் முட்டைக்கண். ஆகவே ஞாபகசக்தி கண்ணுக்குப் பின்னால் குடியிருக்கிறது, அங்கே மூளை பெருத்துக் கண்ணை வெளியே தள்ளுகிறது என்று தீர்ப்பாகிவிட்டது. பின்னாளில் இதையே விரித்தார். மூளையில் 27 குணங்களுக்கு 27 இடங்கள்; எது பெருத்திருக்கிறதோ அங்கே மண்டையோடு புடைத்திருக்கும்; தடவிப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். வியன்னாவில் அவருடைய சொற்பொழிவுகளுக்குக் கூட்டம் நெரிந்தது. 1801 கடைசியில் பேரரசர் ஃப்ரான்ஸ் அவற்றுக்குத் தடை போட்டார். இந்தத் தலைப் பிரசங்கத்தைக் கேட்டுச் சிலர் தங்கள் தலையையே இழந்துவிடக்கூடும் என்பது மன்னரின் கவலை.

மன்னர் வாக்கு பலித்தது. தலையை இழந்தவர், இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத இசைமேதை யோசெஃப் ஹைடன்.

1809 மே 31 அன்று, நெப்போலியனின் படை வியன்னாவைப் பிடித்து வைத்திருந்த நேரத்தில், ஹைடன் காலமானார். அடக்கம் நடந்து சில நாள்கூட ஆகவில்லை. அவருடைய இரண்டு ரசிகர்கள் வெட்டியானுக்குக் காசு கொடுத்துத் தலையை மட்டும் அறுத்து வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் ரோஸன்பாம், ஹைடனை வைத்துக் காப்பாற்றிய எஸ்டர்ஹாஸி பிரபு வீட்டில் முன்பு கணக்குவழக்குப் பார்த்தவர். இன்னொருவர் பீட்டர், சிறைச்சாலை அதிகாரி. இரண்டு பேரும் காலின் சீடர்கள். மண்டையோட்டைச் சுத்தம் செய்து தடவிப் பார்த்தார்கள். இசைக்கான புடைப்பு, எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த அளவில் இருந்தது. (எதிர்பார்த்துக்கொண்டு தடவினால் பூசணிக்காயிலும் இருக்கும்.) பீட்டர் அதற்குக் கறுப்பு மரத்தில் பெட்டி செய்தார். மேலே தங்க யாழ், பக்கத்தில் கண்ணாடி, உள்ளே வெள்ளை மெத்தை. உயிரோடு இருந்த காலத்தில் ஹைடனுக்கு இவ்வளவு சொகுசான இருக்கை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

பதினோரு வருஷம் கழித்து, 1820இல், எஸ்டர்ஹாஸி இளவரசருக்குத் திடீரென்று ஹைடன் ஞாபகம் வந்தது. உடலைத் தோண்டித் தன் ஊரான ஐஸன்ஷ்டாட்டுக்குக் கொண்டுவர உத்தரவிட்டார். பெட்டியைத் திறந்தால் பொய்முடி இருக்கிறது, அதை மாட்டிக்கொள்ளத் தலை இல்லை. இளவரசர் குதித்த குதியில் போலீஸ் ரோஸன்பாம் வீட்டுக்கு வந்தது. அலமாரி, பரண் எல்லாம் துழாவினார்கள். படுக்கையறையில் ரோஸன்பாமின் மனைவி தெரேஸ், அரசவை ஓபராவின் பாடகி, வைக்கோல் மெத்தையில் நகராமல் படுத்திருந்தார். வீட்டுக்கு விலக்கு என்று சொல்லிவிட்டார். வியன்னா போலீஸ்காரர்கள் முகம் சிவந்து வெளியே போனார்கள். மண்டையோடு மெத்தைக்குள் இருந்தது. பிறகு எவருடையதோ ஒரு மண்டையோட்டை இளவரசரிடம் கொடுத்து அனுப்ப, அதை மரியாதையாக ஹைடனின் உடலோடு புதைத்தார்கள். அசல் கைமாறிக் கைமாறி வியன்னா இசைச் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்து, 1954இல்தான் உடலோடு ஒன்றானது. இடையில் 145 வருஷம். பழைய வாடகைத் தலையையும் எடுக்கவில்லை. இன்றைக்கு ஹைடன் கல்லறையில் இரண்டு தலைகளோடு இருக்கிறார்.

போலீஸ் வாசலில் நிற்கும்போது, எந்தப் பொய்யைச் சொன்னால் எந்த ஆண்பிள்ளையும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டான் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டாரே தெரேஸ், அவர் மண்டையைத் தடவிப் பார்க்க அந்த இரண்டு ஆராய்ச்சியாளர்களுக்கும் தோன்றவில்லை. காலுக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. 1828இல் அவர் இறந்த பிறகு எடை போட்டதில் மூளை 1,198 கிராம். ஐரோப்பிய ஆணின் சராசரியைவிட நூறு கிராமுக்கு மேல் கம்மி.

அடுத்த காட்சி பாரிஸ். பால் ப்ரோகாவைக் கிள்ளுக்கீரையாக நினைத்துவிட வேண்டாம். பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்று 1861இல் காட்டியவர் அவர்; இன்றும் அந்த இடத்துக்கு அவர் பெயர்தான். கெட்டிக்காரர், உழைப்பாளி, எண்களில் துல்லியமானவர். மூளை பெரிதென்றால் அறிவும் பெரிது என்று நம்பினார். அதைவிட உறுதியாக, பெரிய பதவியில் இருக்கும் வெள்ளைக்கார ஆண்களுக்குத்தான் அது பெரிதாக இருக்கும் என்றும் நம்பினார். அங்கேதான் வினை.

1859இல் அவர் தொடங்கிய மானுடவியல் சங்கத்தில், 1861இல் கிராத்தியோலே என்ற ஒரு உறுப்பினர் எழுந்து, மூளையின் அளவுக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார். சபை கொதித்தது. மூளையை எடை போடாமல் பிறகு நாமெல்லாம் எதற்கு இருக்கிறோம்? ப்ரோகா தரப்பு தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தது: ஜார்ஜ் குவியே. பிரான்ஸே கொண்டாடிய உயிரியல் மேதை. 1832இல் அவர் இறந்தபோது மூளையை எடை போட்டவர்கள் கண்டது 1,830 கிராம். கிராத்தியோலேயிடம் குவியேயின் மூளை இல்லை. தொப்பி கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு பாரிஸின் பேர்போன தொப்பிக்கடைக்காரர் ஒருவரிடம் போனார். பெரிய தொப்பிதான், ஆனால் ஊரில் இல்லாத அளவு ஒன்றுமில்லை என்று தெரியவந்தது. போதாததற்கு, தொப்பி நாள்பட்ட உபயோகத்தில் தளர்ந்து போயிருந்தது. குவியேக்கு அடர்ந்த தலைமுடி வேறு. இதையெல்லாம் சபையில் எடுத்து வைத்து, பிரான்ஸின் தலைசிறந்த அறிஞர்கள் ஒரு பழைய தொப்பியை முன்னிட்டு அறிவின் இயல்பைப் பற்றி வாதாடினார்கள். அந்த ஊரில் மனிதத் தலைகளைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அந்தக் கடைக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும். அவருக்குச் சபையில் ஒரு நாற்காலி போடக் கூடாதோ?

கிராத்தியோலே விடவில்லை. ஜெர்மானியர்களின் மூளை பிரெஞ்சுக்காரர்களின் மூளையைவிடச் சராசரியாக 100 கிராம் கூடுதல் என்று ஒரு புள்ளிவிவரத்தைத் தூக்கிப் போட்டார். மூளை பெரிதென்றால் அறிவு பெரிது என்கிறீர்களே, இப்போது சொல்லுங்கள்! எந்தப் பிரெஞ்சுக்காரர் இதற்குப் பதில் சொல்லாமல் இருப்பார்? ப்ரோகா உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஜெர்மானியர்கள் உயரம் அதிகம், அதைக் கழி. இறந்த வயது வேறு, அதைக் கழி. இறந்த காரணம் வேறு, அதையும் கழி. கழித்துக் கழித்து ஜெர்மானியரின் 100 கிராமைக் காணாமல் அடித்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதே ப்ரோகா, ஆண்களின் மூளை பெண்களின் மூளையைவிடச் சராசரி 181 கிராம் அதிகம் என்று கண்டபோது, பெண்கள் உருவத்தில் சிறியவர்களாயிற்றே, உயரத்தைக் கழிக்க வேண்டாமா என்ற கேள்வி அவருக்கே வந்தது. வந்த கேள்வியை அவரே வாசலோடு திருப்பி அனுப்பினார். பெண்களுக்குச் சராசரியில் அறிவு கொஞ்சம் குறைவு என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானே, ஆகவே மூளை சிறுத்ததில் ஒரு பங்கு அதனால்தான் என்றார். ஜெர்மானியருக்குக் கழித்தல் உண்டு, பெண்களுக்குக் கிடையாது. புளி எங்கே ஒட்டியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்கள் முரண்டு பிடித்தபோதெல்லாம் இதே கதை. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் சிலர் இறந்ததும் எடை போட்டார்கள். கணித மேதை காவுஸ் 1,492 கிராம். பரவாயில்லை, ஆனால் மேதைக்குத் தகுந்த தூக்கல் இல்லை. ஹவுஸ்மன் என்ற பேராசிரியர் 1,226 கிராம். சராசரிக்கும் கீழே. பேராசிரியர் அங்கியைப் போட்டுக்கொண்டவரெல்லாம் மேதையாகிவிட மாட்டார் என்று ப்ரோகா விளக்கம் கொடுத்தார். இந்த ஒன்றை மட்டும் நம் ஊர்க் கல்லூரிகளில் படித்த யாரும் மறுக்கமாட்டார்கள்.

காவுஸின் மூளைக்கு ஒரு கிளைக்கதை உண்டு. 1855இல் எடுத்துப் போத்தலில் போட்டு, மேதையின் மடிப்புகள் எப்படி நெளிகின்றன என்று பல தலைமுறையாக எட்டிப் பார்த்த அந்த மூளை, ஃபூக்ஸ் என்ற மருத்துவருடையது என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்திலேயே போத்தல்கள் மாறிவிட்டிருந்தன. அத்தனை வருஷமும் காவுஸின் பெயர்ச்சீட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு மரியாதை வாங்கியிருக்கிறார் மருத்துவர்.

1876இல் பாரிஸில் சில சுதந்திரச் சிந்தனையாளர்கள் பரஸ்பரப் பிரேதப் பரிசோதனைச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முன்னால் செத்தவர் மூளையைப் பின்னால் சாகிறவர் எடுத்து ஆராயலாம் என்பது ஒப்பந்தம். கடைசி உறுப்பினர் பாடுதான் திண்டாட்டம். இந்த மோகத்தில் ஐரோப்பாவின் பெரிய தலைகள் ஒவ்வொன்றாகத் தட்டில் ஏறின. ரஷ்ய நாவலாசிரியர் துர்கனேவ் 2,012 கிராம் காட்டி எல்லாரையும் அசத்தினார். 1921இல் இலக்கிய நோபல் வாங்கிய அனதோல் ஃபிரான்ஸ் 1924இல் இறந்தபோது 1,017 கிராம். அதாவது, கிட்டத்தட்ட இரண்டு நோபல் எழுத்தாளர் சேர்ந்தால் ஒரு துர்கனேவ். ப்ரோகா 1880இல் இறந்தார். அவருடையது 1,424 கிராம். பார்டரில் பாஸ்.

இங்கிலாந்தில் இதே வியாபாரத்தை உயிருள்ளவர்களிடம் நடத்தியவர் ஃப்ரான்சிஸ் கால்ட்டன். சார்ல்ஸ் டார்வினின் சொந்தக்காரர். எராஸ்மஸ் டார்வினின் பேரன். கேம்ப்ரிட்ஜில் படிக்கும்போது உடல்நலம் குலைந்து, ஆனர்ஸ் இல்லாமல் சாதா டிகிரியோடு வெளியே வந்தவர். அவர் 1869இல் ஒரு தடித்த புத்தகம் எழுதி நிறுவிய முடிவு: மேதைமை பெரிய குடும்பங்களில் ரத்தத்தோடு வருகிறது. தேர்வில் வராவிட்டால் என்ன, ரத்தத்தில் வருகிறதே! 1884இல் லண்டன் கண்காட்சியில் கடை போட்டு, தலைக்கு மூன்று பென்னி வாங்கிக்கொண்டு 9,337 பேரை அளந்தார். வந்தவர்களில் பிரதமர் கிளாட்ஸ்டனும் ஒருவர். தன் தலை ரொம்பப் பெரிது, தொப்பிக்காரர்களே திணறுகிறார்கள் என்று பெருமையடித்துக்கொண்டார். அளந்து பார்த்த கால்ட்டன், அப்படியொன்றும் பெரிதில்லை என்று எழுதி வைத்தார். நாட்டின் பிரதமர் காசு கொடுத்து இதைக் கேட்டுக்கொண்டு போனார்.

அந்த அளவுகோல் கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கவராயமும் கையுமாகத் தென்னிந்தியா முழுக்கத் தலையையும் மூக்கையும் அளந்து திரிந்தார். போலீஸ்காரர்களுக்கு மனித அளவைப் பற்றி வகுப்பும் எடுத்தார். வடக்கே ரிஸ்லி என்ற அதிகாரி, மூக்கின் அகலத்துக்கும் சாதியின் உயரத்துக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வயநாட்டில் தர்ஸ்டன் போய் நின்றதும் பணியர் பெண்கள் ஓட்டம் பிடித்தார்கள். தங்களில் நல்ல உருப்படிகளாகப் பிடித்துப் பஞ்சடைத்து மதராஸ் மியூசியத்தில் நிறுத்தப் போகிறார் என்று பயந்தார்களாம். தர்ஸ்டன் இதைத் தமாஷாக எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் ஹைடனின் தலைக்கும் காவுஸின் மூளைக்கும் நேர்ந்ததை வைத்துப் பார்த்தால், அந்தப் பெண்கள் நிலைமையைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ப்ரோகா கழிக்க மறுத்த கணக்கைக் கடைசியில் ஒரு பெண்தான் போட்டார். ஆலிஸ் லீ, லண்டனில் கார்ல் பியர்சனிடம் புள்ளியியல் கற்றவர். 1898இல் டப்ளினில் உடற்கூறு அறிஞர்களின் மாநாடு. கூடியிருந்த 35 பேருடைய தலைகளையும் அளக்க அனுமதி கிடைத்தது. தலைகளுக்குச் சொந்தக்காரர்கள் ஆனந்தமாகத் தலையைக் கொடுத்தார்கள். பெரிதாகத்தானே வரப் போகிறது? லீ வெளியளவிலிருந்து மண்டைக் கொள்ளளவைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்றை உருவாக்கி, அவர்களையும், பல்கலைக்கழக ஆசிரியர்களையும், பெட்ஃபோர்டு கல்லூரி மாணவிகளையும் அதில் போட்டு, முதல் ரேங்க் முதல் கடைசி ரேங்க் வரை வரிசைப்படுத்தினார். பெயரோடு வெளியிட்டார். மாநாட்டுப் பெரியவர்கள் சிலரைவிட மாணவிகள் சிலருக்குத் தலை பெரிது. 35 பேரில் கடைசி இடம் யூலியஸ் கோல்மனுக்கு; மானுடவியலில் அன்றைக்கு உயிரோடு இருந்தவர்களில் தலைசிறந்தவர்களில் ஒருவர்.

மண்டையளவுதான் அறிவென்றால் கோல்மன் முட்டாள். கோல்மன் முட்டாள் இல்லையென்றால் மண்டையளவு வெறும் மண்டையளவு. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆலிஸ் லீ வாயால் சொல்லவில்லை, அட்டவணை சொன்னது. தேர்வாளர்களுக்குப் பிடிக்கவில்லை. பியர்சன் மல்லுக்கட்டிய பிறகு 1901இல் டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். இத்தனை கதையிலும் தராசைக் கவிழ்த்துப் போட்டு அடியில் இருக்கும் புளியை ஊருக்குக் காட்டியவர் என்று நான் கையெடுத்துக் கும்பிடுவது இவரைத்தான்.

நடுவில் ஒரு குதிரை. பெயர் ஹான்ஸ், ஊர் பெர்லின், முதலாளி ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கூட்டல், பின்னம், நாள்காட்டி எதைக் கேட்டாலும் குளம்பைத் தட்டி விடை சொல்லும். காசு வாங்காமல் காட்டினார். 1904இல் உளவியல் பேராசிரியர் கார்ல் ஷ்டும்ஃப் தலைமையில் 13 பேர் கமிஷன் அமைத்து விசாரித்து, மோசடி ஏதுமில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். பிறகு ஆஸ்கர் ஃபூங்ஸ்ட் என்ற இளைஞர் பொறுமையாகச் சோதித்து, கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை, அவருக்கே தெரியாமல், ஒரு நூலளவு அசைகிறது. குதிரை அதைப் பார்த்து நிறுத்துகிறது. விஷயம் தெரிந்தபிறகும் ஃபூங்ஸ்டாலேயே தன் தலையை அசைக்காமல் இருக்க முடியவில்லை.

குதிரைக்குக் கணக்குத் தெரியாது, அவ்வளவுதானா என்று ஊர் கலைந்து போனது. 13 படித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தும் கவனிக்காத ஒன்றை ஒரு குதிரை கவனித்து, அதை வைத்தே வேளாவேளைக்குக் கேரட் சம்பாதித்திருக்கிறது. அந்தத் திறமைக்கு யாரும் மார்க் போடவில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை.

இனி காகிதமும் பென்சிலும். இதைத் தொடங்கியவர் ஆல்ஃப்ரெட் பினே, நல்ல மனிதர். முதலில் அவரும் ப்ரோகா வழியில் பள்ளிப் பிள்ளைகளின் தலையை அளந்தார். புத்திசாலிக்கும் மக்குக்கும் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் வந்தது. அதுவும், எந்தப் பிள்ளை எப்படி என்று முன்பே தெரிந்தால் தன் கையே அளவைக் கூட்டிக் குறைக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, மறுபடி அளந்து, அந்தச் சந்தேகத்தை அச்சிலும் போட்டார். தன் கையிலேயே புளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டவர் இந்தக் கதையில் இவர் ஒருவர்தான். தலையைக் கைவிட்டு, 1905இல் சிமோன் என்பவருடன் சேர்ந்து 30 சிறு சோதனைகள் கொண்ட ஒரு வரிசையைத் தயாரித்தார். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கூடுதல் கவனம் கொடுக்க வேண்டும், அவ்வளவே நோக்கம். இது பிறவி அறிவின் அளவு இல்லை, பிள்ளை மீது முத்திரை குத்தாதீர்கள் என்று எச்சரித்தார். 1911இல் இறந்துபோனார். நல்லவேளை.

ஏனென்றால் அவருடைய பெட்டியை அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போன ஹென்றி காடர்டு, சோதனையை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையைக் கப்பலிலேயே விட்டுவிட்டார். எட்டிலிருந்து பன்னிரண்டு மனவயதுள்ள பெரியவர்களுக்கு 'மோரான்' என்று கிரேக்கத்திலிருந்து ஒரு வசவைத் தயாரித்துக் கொடுத்தவர் அவர்தான். 1913இல் நியூயார்க் எல்லிஸ் தீவில், கப்பலின் அடித்தட்டில் கடல் கடந்து வந்து இறங்கிய ஏழைகளை நிறுத்திச் சோதித்தார். தேதி என்ன என்பதும் கேள்விகளில் ஒன்று. முடிவு: யூதர்களில் 83 விழுக்காடு, ஹங்கேரியர்களில் 80, இத்தாலியர்களில் 79, ரஷ்யர்களில் 87 விழுக்காடு மந்தபுத்தி. உலகத்தில் பத்துக்கு எட்டுப் பேர் முட்டாள் என்று வந்தால், சோதனையை ஒரு தடவை திருப்பிப் பார்க்க மாட்டோமா? காடர்டு பார்க்கவில்லை.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் பதினேழரை லட்சம் சிப்பாய்களுக்குத் தேர்வு வைத்தார். படித்தவர்களுக்கு ஆல்ஃபா, எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பீட்டா. ஆல்ஃபாவில் ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப்பொருளா? நம்மூர் டால்டா மாதிரி அது ஒரு சமையல் கொழுப்பு. பிறவி அறிவு உள்ளவனுக்குத் தாய் வயிற்றிலேயே தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு கேள்வி, பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரின் தொழில் பற்றி. பீட்டாவில் படங்கள், என்ன குறைகிறது என்று வரைந்து காட்ட வேண்டும். கிராமஃபோனில் குழாய் இல்லை, டென்னிஸ் மைதானத்தில் வலை இல்லை. சிசிலியில் ஆடு மேய்த்துவிட்டு வந்தவன் டென்னிஸ் வலையைத் தேடிக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்திருந்தான்.

திருத்தி முடித்தபோது வெள்ளைக்காரச் சிப்பாயின் சராசரி மனவயது 13 என்று வந்தது. ஜெர்மனியைத் தோற்கடித்துவிட்டு வந்த படையை எட்டாம் வகுப்புப் பையன்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? சராசரி ஆள் சராசரிக்கும் கீழே இருப்பது எந்த ஊர்க் கணக்கு என்று வால்டர் லிப்மன் 1922இல் பத்திரிகையில் கிழித்தார். அதே புள்ளிவிவரத்தில் இன்னொன்றும் இருந்தது. அமெரிக்காவில் அதிக வருஷம் குடியிருந்த வெளிநாட்டுக்காரர் அதிக மார்க் வாங்கியிருந்தார். கிரிஸ்கோவை வாங்கிச் சமைத்துப் பழகிவிட்டார், வேறென்ன? கார்ல் பிரிகம் 1923இல் புத்தகம் எழுதி இதற்கு வேறு விளக்கம் தந்தார்: முன்னால் வந்த இனங்கள் ஒசத்தி, பின்னால் வந்தவை மட்டம். அடுத்த வருஷமே தெற்கு, கிழக்கு ஐரோப்பியரைத் தடுக்கும் குடியேற்றச் சட்டம் வந்தது. அந்தப் பக்கம் காற்று ஏற்கெனவே பலமாக வீசிக்கொண்டிருந்தது, பிரிகம் விசிறிவிட்டார். 1926இல் கல்லூரி நுழைவுக்கான சாட் தேர்வை உருவாக்கியவரும் இவரே. 1930இல் தன் இனக் கணக்கெல்லாம் ஆதாரமற்றது என்று தானே எழுதிக் கொடுத்தார். சட்டம் அதைப் படிக்கவில்லை.

சிரிப்பு நின்றுவிடும் ஓர் இடமும் உண்டு. வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரி பக் என்ற ஏழைப்பெண், பாலியல் வன்முறைக்கு ஆளாகிப் பிள்ளை பெற்றவர். தாய், மகள், கைக்குழந்தை என்று மூன்று தலைமுறையும் மந்தபுத்தி என்று முத்திரை குத்தி, அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. செய்தார்கள். மந்தபுத்தி என்று சொல்லப்பட்ட அந்தக் குழந்தை விவியன், பள்ளிக்கூடத்தில் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பிடித்தாள். எட்டு வயதில் நோயில் இறந்துபோனாள்.

மந்தங்களைப் பிடித்தாயிற்று, மேதைகளைப் பிடிக்க வேண்டாமா? ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கி, கலிஃபோர்னியாவில் சலித்தெடுத்து 1,500க்கும் மேற்பட்ட மேதைப் பிள்ளைகளைப் பொறுக்கினார். வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். நல்ல வேலை, நல்ல சம்பளம், நல்ல வீடு என்று பெரும்பாலோர் சௌகரியமாக வாழ்ந்தார்கள். நோபல் பரிசு மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. சல்லடையில் தங்காமல் கீழே விழுந்த இரண்டு பையன்களுக்கு வந்தது: வில்லியம் ஷாக்லி, 1956, லூயிஸ் ஆல்வரெஸ், 1968. இத்தோடு முடிந்திருந்தால் கதை நன்றாக இருந்திருக்கும். தேர்வில் தள்ளப்பட்ட அதே ஷாக்லி, பிற்காலத்தில் ஐக்யூ எண்ணை வைத்து இனங்களைத் தரம் பிரிக்க ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். தன்னைத் தள்ளிய தராசையே தோளில் தூக்கிக்கொண்டு அலைந்த மனுஷனை என்ன சொல்வது? இதற்கு நோபல் கிடையாது.

கடைசியாக ஐன்ஸ்டைன். 1955 ஏப்ரல் 18இல் பிரின்ஸ்டன் மருத்துவமனையில் இறந்தார். தன்னை எரித்துவிடச் சொல்லியிருந்தார், எரித்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்த தாமஸ் ஹார்வி, யாரையும் கேட்காமல் மூளையை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு மகனிடம் சம்மதம் வாங்கினார். எடை போட்டார். 1,230 கிராம். நூற்றாண்டின் மேதையும் கோட்டிங்கன் ஹவுஸ்மனும் ஏறக்குறைய ஒரே தட்டு. துர்கனேவிடமிருந்து ஐன்ஸ்டைனைக் கழித்தால் பாக்கி வருவது ஒரு குரங்கு மூளையைவிடப் பெரிது. எடை கைகொடுக்காததால், 240 துண்டு போட்டு, வேறு எதுவாவது பெரிதாக இருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்கள். 1985இல் ஓர் இடத்தில் நரம்புக்குத் துணைசெய்யும் செல்கள் அதிகம் என்றார்கள். 1999இல் இன்னோர் இடம் அகலம் என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இருந்தது ஒரே ஒரு ஐன்ஸ்டைன்.

ஹார்விக்கு வேலை போனது, ஊர் மாறினார். 1978இல் ஸ்டீவன் லெவி என்ற பத்திரிகையாளர் தேடிப் பிடித்தபோது, கான்ஸஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில், ஆப்பிள் பானம் வந்த அட்டைப் பெட்டிக்குள் போத்தலில் இருந்தது மூளை. பின்னர் மருத்துவ உரிமத்தையும் இழந்து, ஹார்வி ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கூலிக்குப் போனார். சில சீவல்கள் பிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தகடுகளில் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம். டிக்கெட் உண்டு, கால்ட்டனின் மூன்று பென்னிக்கெல்லாம் இப்போது விடமாட்டார்கள்.